திரையிற் காணும் காதல்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



காதற் படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தபோது, பெரியோர் முன்னிலையில் இதனை எங்ஙனம் பேசுவது என்று தயங்கினோம். நாம் படித்தது பாதிரிமார் பள்ளியில். அங்கே 'ரோமியோ ஜூலியட்' படிப்பித்த ஆசிரியை, காதற் காட்சி வந்ததும் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு இலக்கணத்துக்குப் போய்விடுவார். வீட்டிலோ, தொலைக்காட்சியில் அத்தகைய காட்சி வந்தால் அப்பா செய்திக்கு மாற்றிவிடுவார். ஆக, காதலைப் பற்றி எமக்குப் பாடஞ் சொல்லித்தந்தது யார்? திரை ஒன்றே. பெரியோர்களே, இதனைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறோம்.

எம்மவரும் படம் எடுக்காமல் இருக்கவில்லை. 1963ஆம் ஆண்டில் கிருஷ்ணகுமார் அவர்கள் 'தோட்டக்காரி'யை எடுத்தார். சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜா 1977இல் எடுத்த 'பொன்மணி', சாதி வேலியைத் தாண்டிக் காதலித்த யாழ்ப்பாணப் பெண்ணொருத்தியின் துயரக் கதை. செங்கை ஆழியானின் நாவல் 1978இல் 'வாடைக்காற்று' எனப் படமாயிற்று. எமது ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்ட மாத்தளை கார்த்திகேசு அவர்கள் 1980இல் 'அவள் ஒரு ஜீவநதி'யைத் தயாரித்தார். இவற்றுள் எத்தனையை எம் தலைமுறையினர் பார்த்திருக்கிறோம்? கைகளை உயர்த்தச் சொன்னால் சபைக்கு வெட்கமாகிவிடும்! எமக்குத் தெரிந்தனவெல்லாம் தமிழ்நாட்டுப் படங்களே. முன்னே அவற்றைக் காணப் படமாளிகைக்குப் போகவேண்டும். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்தபின் படம் வீட்டுக்குள் வந்தது. இன்று அது சட்டைப்பையில் இருக்கிறது. லயத்துக் காம்பிராவிற் படுத்தபடியே நள்ளிரவிலும் பார்க்கலாம். செய்திக்கு மாற்ற அப்பாவும் இல்லை.

தொடர்களைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. ஷேக்ஸ்பியரின் காதலர் ஐந்து நாளைக்குள் சந்தித்து, மணந்து, மாண்டும் போகின்றனர். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை ஆயிரத்தைந்நூறு நாட்களுக்கு மேல் ஓடியது. தாய்மார்களே, அதை முழுதும் பார்த்தவர்கள் எம்மைத் திரைப்பித்தர் என்று ஏசுவது நியாயமா என்று மட்டும் கேட்டு விட்டுவிடுகிறோம்.

காதற் படங்கள் எல்லாமே கேடு என்பாருமுளர். அதனை நாம் ஏற்கவில்லை. 1996இல் வெளிவந்த அகத்தியனின் 'காதல் கோட்டை'யில், ஒரு பெண் தொலைத்துவிட்ட சான்றிதழ்களைக் கண்டெடுத்தவன் அவற்றை அவளுக்கு அனுப்பிவைக்கிறான். கடிதத்தாலே அன்பு வளருகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. 2018இல் வந்த '96' படத்தில், இருபத்திரண்டு ஆண்டுகளின்பின் சந்தித்த பள்ளித்தோழியை, அவள் இன்னொருவர் மனைவி என்பதை மறவாது, விமான நிலையம் வரை சென்று அனுப்பிவைக்கிறான் ஒருவன். இவற்றைப் பார்த்துக் கெட்டுப்போனவரை நாம் அறியோம்.

எம்மை உறுத்துவது வேறொரு வகை. பெண் 'வேண்டாம்' என்கிறாள், அவன் விடுவதில்லை. பஸ்ஸிலே தொடர்கிறான், வகுப்பு வாசலிலே நிற்கிறான், தோழர் கூட்டம் பின்னே நின்று பாடுகிறது. இடைவேளைக்குப் பின் அவள் இரங்கிவிடுகிறாள். 2016இல் வந்த 'ரெமோ'வில், வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை அடைய நாயகன் தாதியாக வேடம் பூண்டு ஏமாற்றுகிறான். சனங்கள் கைதட்டினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம், சென்னை நுங்கம்பாக்கம் புகையிரத நிலையத்தில், காலை வேளையில், வேலைக்குப் போகவிருந்த இளம்பெண்ணொருத்தி வெட்டிக் கொல்லப்பட்டாள். கைதான இளைஞன் விசாரணை முடியுமுன் சிறையில் இறந்தான். ஆகையால் நீதிமன்றம் உண்மையைச் சொல்ல வழியின்றிப் போயிற்று. படம்தான் கொன்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் பெண்ணைத் துரத்துவதைக் காதலென்று காட்டும் வழக்கத்தைத் தமிழ்ப் படவுலகம் விடவேண்டுமென்ற குரல் அந்நாட்களில்தான் வலுவாக எழுந்தது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். தொல்காப்பியர் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து, அன்பின் ஐந்திணைக்குப் புறம்பே வைத்தார். நண்பரொருவர், “முருகப்பெருமான் வள்ளியைத் தொடர்ந்து போகவில்லையா?” என்று எம்மை மடக்கினார். கந்தபுராணத்தின்படி, முருகனையே மணக்கவேண்டுமென்று முற்பிறப்பில் தவமிருந்தவள் வள்ளி. பஸ்ஸிற் போகும் பிள்ளை எம் நண்பரை நோக்கி எங்கே தவமிருந்தாள்?

இப்பொழுது எம் குற்றமொன்றைச் சொல்லவேண்டும். உயர்தரம் படித்த காலத்தில், மாலை வகுப்பு முடிந்து இறத்தோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் எம்மோடு ஒரு மாணவி வருவாள். கணிதத்தில் எம்மெல்லோரையும் விட வல்லவள். எம் கூட்டத்தில் ஒருவன் அவள்மேற் காதல் என்றான். அவள் இரண்டு தடவை தெளிவாக மறுத்தாள். “மூன்றாந் தடவை சம்மதிப்பாள், படத்திற் பார்க்கவில்லையா?” என்று அவனுக்கு ஊக்கமூட்டியவர்கள் நாமே. அவளது ஆசனத்துக்குப் பின்னே நின்று பாட்டுப் பாடினோம். கடிதத்தையும் நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவள் அழுததைக் கண்டும் சிரித்தோம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியுள்ளது என்பதைப் பல்கலைக்கழகம் போன பிறகே அறிந்தோம்.

அவள் வீட்டிற் சொன்னாள். தகப்பனார் என்ன செய்தார்? வகுப்பை நிறுத்திவிட்டார். “நீ ஒழுங்காய் இருந்தால் அவன் ஏன் வருகிறான்?” என்று அயலாரும் கேட்டார்களாம். அந்த ஆண்டு அவள் பரீட்சை எழுதவில்லை; பின்னரும் எழுதவில்லை. பாட்டுப் பாடிய நாம் எழுதினோம், தேறினோம், இன்று உங்கள்முன் மேடையில் நிற்கிறோம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். “உங்களை மன்னித்து எனக்கு என்ன ஆகப்போகிறது, அண்ணா? தங்கச்சி இந்த வருஷம் அதே பஸ்ஸில்தான் போகிறாள்” என்றாள். அவ்வளவே.

பெரியோர்களே, உங்கள் பிள்ளை வந்து, “ஒருவன் பின்னால் வருகிறான்” என்று சொன்னால், அவள் படிப்பை நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தினாலேயே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. தம்பிமாரே, அடுத்த பாட்டைத் தொடங்குமுன் அவள் முகத்தைப் பாருங்கள். நாம் பார்க்கவில்லை.

மன்றத்திடம் இரண்டு கோரிக்கைகள். மாலை வகுப்புக்களை இருட்டுமுன் முடிக்க ஆசிரியர்களோடு பேசவேண்டும். மாதம் ஒரு முறை இம்மண்டபத்தில் ஒரு படம் காட்டி, முடிந்ததும் பெற்றோரும் பிள்ளைகளுமாக அமர்ந்து அதைப்பற்றிப் பேசவேண்டும். முதலில் 'பொன்மணி'யைக் காட்டலாம். பக்கத்தைப் புரட்டாமல் முழுதும் பார்ப்போம். இரண்டையும் எழுத்தில் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம்.