பாட்டும் ஆங்கிலப் பாடமும்

ஆங்கிலத்தை வேற்று மொழியாகப் படிப்பவர்களுக்குப் பாடல்களைக் கொண்டு அதைக் கற்பிக்கும் முறை புதியதல்ல. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த கரோலின் கிரஹாம், அன்றாடப் பேச்சுத் தொடர்களை ஜாஸ் தாளத்தில் அமைத்து, 1978இல் ‘ஜாஸ் சான்ட்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அதில் ராகம் இல்லை, தாளம் மட்டுமே. கடைகளில் விற்கும் பாப் பாடல்களையே பாடமாக்கும் வழிகளைத் தொகுத்தவர் டிம் மர்ஃபி. அவருடைய ‘மியூசிக் அண்ட் சாங்’ 1992இல் வந்தது.

காரைக்காலுக்கு இந்த முறை பொருந்துவதற்குத் தனிக் காரணம் உண்டு. சுற்றியுள்ள தஞ்சைச் சீமையில் ஆங்கிலம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தில், இங்கே அந்த இடத்தில் இருந்தது பிரெஞ்சு. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகுதான் ஆங்கிலம் இங்கே செல்வாக்குப் பெற்றது. காரைக்கால் பகுதியின் சுரக்குடி போன்ற ஊர்களில் பல பிள்ளைகளுக்கு இன்றும் அது பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடும் மொழிதான். பொருள் முழுதும் விளங்குமுன்னே பாட்டு நெஞ்சில் ஏறிவிடும் என்பதோ, காரைக்கால் அம்மையாரின் பதிகங்களும் திருநள்ளாற்றுத் தேவாரமும் ஓதப்படும் இந்த வட்டாரத்துக்குப் பழைய செய்தி.

தமிழ் மாணவருக்கு ஆங்கிலத்தில் முதல் தடை இலக்கணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஓசைதான் முதல் தடை என்பதே சரி. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் ‘புக்’ நம் வாயில் ‘புக்கு’ ஆகிறது, ‘கேட்’ ‘கேட்டு’ ஆகிறது. இன்னொன்று, தமிழில் ஒவ்வொரு எழுத்தும் தன் மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்திலோ அழுத்தம் விழும் அசை நீள, மற்றவை சுருங்கும். ‘வெஜிடபிள்’ என்பதை நாம் ‘வெ-ஜி-டே-பிள்’ என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சம மரியாதை கொடுக்கிறோம். ஆங்கிலேயர் ‘வெஜ்’ என்பதை அழுத்தி, மீதியை விழுங்கிவிடுகிறார். இதை விதியாகச் சொன்னால் மாணவருக்கு ஏறாது. பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. தாளம் அடுத்த அழுத்தத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது கூடுதல் உகரத்துக்கு இடமே இருக்காது. உகரத்தோடு பாடுபவர் தாளத்தில் பின்தங்குவார், அது அவர் காதுக்கே தெரிந்துவிடும்.

பாப் பாடலின் வேகமும் மாணவருக்குத் துணை. 50 பாடல்களை ஆராய்ந்த மர்ஃபி, அவற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 சொற்களே வருவதைக் கண்டார். இது சாதாரணப் பேச்சு வேகத்தில் பாதிதான். நினைவாற்றலைப் பற்றிய சான்றும் உண்டு. எடின்பரோவில் 60 பெரியவர்களுக்கு அவர்கள் அறியாத ஹங்கேரியத் தொடர்களைக் கால் மணி நேரம் கற்பித்தார்கள். ஒரு குழு பேசியும், ஒரு குழு தாளத்தோடு சொல்லியும், ஒரு குழு பாடியும் கற்றது. தொடர்களை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனைகளில் பாடிய குழுவே முந்தியது. ஆய்வு வெளிவந்தது 2014இல்.

எந்தப் பாட்டு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாணவருக்குப் பிடித்த பாட்டெல்லாம் பாடத்துக்கு ஆகாது. ராப் பாட்டின் வேகத்துக்குத் தொடக்கநிலை மாணவரால் ஈடுகொடுக்க முடியாது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1965ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற பாட்டுக்குத் தலைப்பிலேயே இரட்டை எதிர்மறை: ‘ஐ கான்ட் கெட் நோ சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’. பத்தாம் வகுப்புத் தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும். சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ நல்ல தேர்வு. 1987இல் வந்த இசைத்தொகுப்பில் அது வாத்தியமே இல்லாமல் வெறுங்குரலில் பாடப்பட்டது. உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கண்முன் நடப்பதைச் சொல்லிக்கொண்டு போவதால், நிகழ்காலத் தொடர்வினை வரிக்கு வரி வந்து விழுகிறது.

வகுப்பில் பாட்டு நுழைந்ததும் அதைக் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ ஆக்கிவிடுவது பழைய வழக்கம். அத்தோடு பாட்டும் தேர்வாகிவிடுகிறது. முதல் முறை தாளில்லாமல் கேட்கவிட வேண்டும். இரண்டாம் முறை அழுத்தம் விழும் இடத்தில் மட்டும் மாணவர்கள் மேசையைத் தட்டலாம். பிறகே வரிகள் கரும்பலகைக்கு வர, தட்டிய அசைகளுக்கு மேல் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். அடுத்தது பாடுவது. கடைசிப் பத்து நிமிடம் ராகத்தை விட்டுவிட்டு, அதே தொடர்களைப் பேச்சாகச் சொல்ல வைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்க்கும் வகுப்பில் மாணவர் பாட்டைக் கற்பார், மொழியைக் கற்க மாட்டார்.

அனிருத் இசையில் தனுஷ் எழுதிப் பாடி, 2011 நவம்பரில் உலகைச் சுற்றிவந்த ‘வொய் திஸ் கொலவெறி டி’யையும் ஒரு நாள் ஒலிக்கவிடலாம். அதில் ஆங்கிலச் சொற்கள் உகரம் ஏறித் தமிழ் வேட்டி கட்டி நிற்கின்றன. எந்தெந்தச் சொல்லில் உகரம் ஏறியிருக்கிறது என்று பட்டியலிடச் சொன்னால், தம் பழக்கத்தை மாணவர்களே சிரித்துக்கொண்டு கண்டுபிடிப்பார்கள். திருத்துவதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

உச்சரிப்புக்கும் நினைவுக்கும் மேலாகப் பாட்டிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. கடிதம் எழுதவும் பத்தியை வாசித்துப் பொருள்கொள்ளவும் தனிப் பயிற்சி வேண்டும். பருவத்துக்கு மூன்று பாட்டு போதும். கணினி வகுப்பறை தேவையில்லை, ஒரு செல்போனும் சிறிய ஒலிபெருக்கியும் இருந்தால் சரி. பாட வராது என்று தயங்கும் ஆசிரியர்களும் இதைச் செய்து பார்க்கலாம். பாடுவதை ஒலிப்பதிவு பார்த்துக்கொள்ளும், அவர்கள் மேசையில் தாளம் தட்டிக் காட்டினால் போதும்.