சோளகம் எழும்புவதற்கு முன்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பவர் ஒருவர், எழுதியவர்கள் ஐவர். 1978 இல் உயர்தரப் பரீட்சை எழுதிய வகுப்பைச் சேர்ந்தவர்கள். எங்களில் இளையவருக்கு 65 வயது, மூத்தவருக்கு 67. இந்த வருடம் பங்குனி மாதத் தொடக்கத்தில் நாங்கள் ஐந்து பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்குச் சைக்கிளில் போனோம். இரண்டு நாட்கள், 110 கிலோமீற்றர் அளவில். அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டார். வீரக் கதையாகச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. ஐந்து பேர் புறப்பட்டோம், மூன்று பேர்தான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இந்த வயதில் சைக்கிளா என்று எங்களைக் கேட்காதவர்கள் இல்லை. கனடாவிலிருந்து ஒரு மகன், "அம்மா, உங்களுக்கென்ன விசரே?" என்று தொலைபேசியிலே கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் பாலர் வகுப்புக்குப் போனதே அந்த அம்மாவின் சைக்கிள் கரியரில்தான் என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

இங்கே இருக்கும் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990 ஆம் ஆண்டுக்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. மற்றவர்களுக்கெல்லாம் சைக்கிள்தான். பிணி பார்க்கவும், பிரசவத்துக்குக் கொண்டுபோகவும், விறகு ஏற்றவும், பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்பவும் அதுவே வாகனம். பற்றரி கிடைக்காத நாட்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். எங்களில் ஒருவர் தினமும் கற்பிக்கச் சென்று திரும்பிய தூரம் 28 கிலோமீற்றர். அதை யாரும் சாதனை என்று சொல்லவில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

ஆகவே எங்களுக்கு நெடுந்தூரம் புதிதல்ல. வேண்டும் என்று விரும்பி ஓடுவதுதான் புதிது.

ஆறு மாதம் பழகினோம். ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் நல்லூர்வரை, பிறகு கீரிமலை, பிறகு பருத்தித்துறை. கடைசியாகக் குறிகட்டுவான். அந்தக் கடைசி வழியில்தான் எங்கள் உண்மையான எதிரி யார் என்பது தெரிந்தது. எங்கள் ஊரில் மலை இல்லை. காற்றுத்தான் எங்கள் மலை. பண்ணைத் தாம்போதியில் எதிர்க்காற்று அடித்தால் இறங்கி உருட்டுவதே மேல். வேகம் கூடக் கூடக் காற்றின் தடை அதன் வர்க்கத்தின் அளவில் கூடும் என்று பௌதிகவியல் ஆசிரியை கரும்பலகையில் எழுதியது 1977 இல். அது விளங்கியது இப்போதுதான். ஆகையால் ஒருவர் பின் ஒருவராக ஓடப் பழகினோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்குவார். பின்னால் வருகிறவர்களுக்குப் பாரம் குறையும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் விலகிக் கடைசிக்கு வர வேண்டும். பயணத்துக்குப் பங்குனியைத் தெரிந்ததும் இதனாலேதான். வாடை ஓய்ந்திருக்கும், சோளகம் எழும்பியிராது. வைகாசிக்குப் பிறகு பூநகரி வெளியில் தென்மேற்கு நோக்கி உழக்குவது எங்கள் வயதுக்கு ஆகாது. இருபது வயதுக்கும் ஆகுமோ தெரியாது.

முழங்கால் நோவைப் பற்றிப் பலர் கேட்டார்கள். எங்கள் பெண்கள் சீற்றை மிகவும் பதித்து வைத்து ஓடுகிறார்கள், இரண்டு காலும் நிலத்தில் முட்ட வேண்டும் என்று. அதுதான் முழங்காலைத் தின்கிறது. பெடல் கீழே வரும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். சீற்றை இரண்டு அங்குலம் உயர்த்தியதும் எங்களில் இருவர் எண்ணெய் பூசுவதையே விட்டுவிட்டார்கள். ஆனால் இன்னொன்றும் உண்டு. சைக்கிள் ஓட்டம் இருதயத்துக்கும் தசைக்கும் நல்லது. எலும்பை அது பலப்படுத்துவதில்லை, ஏனென்றால் எங்கள் பாரத்தைச் சீற் சுமக்கிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்கிற எங்களுக்கு ஒரு விழுகை போதும். ஆகவே நடையும், கையில் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிச் செய்யும் பயிற்சியும் சேர்த்துக்கொண்டோம்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று எங்களில் ஒருவர் தேடிப் படித்தார். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் 55 முதல் 79 வயது வரையான 125 சைக்கிளோட்டிகளைச் சோதித்து 2018 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தெரிவாவதற்கு ஆண்கள் 100 கிலோமீற்றரை ஆறரை மணித்தியாலத்துக்குள்ளும், பெண்கள் 60 கிலோமீற்றரை ஐந்தரை மணித்தியாலத்துக்குள்ளும் ஓடக்கூடியவர்களாக இருக்க வேண்டும். அவர்களுடைய தசையின் அளவும் பலமும் வயதோடு குறைந்திருக்கவில்லை. வயதோடு சுருங்குகிற தைமஸ் சுரப்பி, இளைஞர்களுக்கு நிகராக நோயெதிர்ப்புக் கலங்களை உண்டாக்கிக்கொண்டிருந்தது. பிரான்சிலே றொபேர் மார்ஷான் என்ற முதியவர் 2014 இல், தமது 102 ஆவது வயதில், ஒரு மணித்தியாலத்தில் 26.927 கிலோமீற்றர் ஓடினார். அவர் 101 வயதிலிருந்து 103 வயதுவரை செய்த பயிற்சியில் உடல் ஒட்சிசனை உள்வாங்கும் ஆற்றல் 13 சதவீதம் கூடியதாம். அந்தப் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவான ஓட்டம். இதை வாசித்த நாளிலிருந்து, மெதுவாகத்தான் ஓடுகிறோம் என்று வெட்கப்படுவதை நிறுத்தினோம்.

புறப்பட்ட நாள் காலை ஐந்து மணிக்கு இருட்டோடு இறங்கினோம். மூன்று லுமாலா, கனடா மகன் முன்னொருமுறை வந்தபோது வாங்கிவிட்டுப் போன ஒரு கியர் சைக்கிள், தகப்பனார் பாவித்த ஒரு றலி. கரியரில் ஒட்டுப்போடும் சாமான், காற்றடிக்கும் பம், ஜீவனிப் பைக்கற்றுகள், பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, கச்சான். கச்சான் என்றால் எங்களுக்குக் காற்றும்தான், கடலையும்தான். அன்று கடலை மட்டும் கூட வந்தது.

செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்துக்கு வந்தபோது யாரும் சொல்லாமலே எல்லோரும் பிறேக் பிடித்தோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழையில், இந்தப் பாலத்தை நோக்கித்தான் வலிகாமம் முழுவதும் நடந்தது. எங்களில் நால்வர் அந்தச் சனத்துக்குள்ளே இருந்தோம், ஒருவரையொருவர் அறியாமல். சைக்கிள் இருந்தது, ஓட இடமிருக்கவில்லை. ஹாண்டிலில் பைகள், சீற்றில் மாமியார், கரியரில் பிள்ளை. தள்ளிக்கொண்டு அடி அடியாக. பட்டணத்திலிருந்து இந்த எட்டுக் கிலோமீற்றர் வர விடியும்வரை சென்றது. இம்முறை முப்பத்தைந்து நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்தவர் அதைச் சத்தமாகச் சொன்னார். வேறொன்றும் பேசாமல் வலது பக்கம் திரும்பித் தனங்கிளப்பு றோட்டில் ஏறினோம்.

கேரதீவில் சூரியன் எழும்பியது. எங்கள் பள்ளிக்காலத்தில் அங்கே 'பாதை' ஓடியது. பாதை என்றால் மிதவைப் படகு என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம், 288 மீற்றர். அதன் ஏற்றம்தான் முதல் நாளில் நாங்கள் கண்ட ஒரே மலை. அன்று வெயில் ஏறுவதற்கு முன் பூநகரியைக் கடந்து, இடையிலே ஒரு கோயில் மடத்தில் மூன்று மணித்தியாலம் படுத்து, பின்னேரம் முழங்காவிலில் எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் வீட்டை அடைந்தோம். அவர் காய்ச்சிய ஒடியற் கூழுக்காகவே இன்னொருமுறை போகலாம்.

இரண்டாம் நாள்தான் சொல்ல வேண்டிய நாள்.

வெள்ளாங்குளம் தாண்டிய பின் றோட்டு நீளமாகக் கிடக்கும். நிழல் குறைவு, கடைகள் தூரத்துக்குத் தூரம். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவருடைய முறை வந்தபோது அவர் முன்னே வரவில்லை. கூப்பிட்டோம். பதிலில்லை. திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் றோட்டின் நடுவுக்கும் கரைக்குமாக ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர் பாய்ந்து ஹாண்டிலைப் பிடித்திராவிட்டால் எதிரே வந்த லொறிக்கு என்ன சொல்லியிருப்போம்? உதடு காய்ந்து, தோல் சுட்டது, பேச்சுக் குழறியது. ஒரு வேப்பமரத்தின் கீழ் கிடத்தி, காலைத் தூக்கி வைத்து, முகத்துக்குத் தண்ணீர் தெளித்தோம். அவருடைய இரண்டு போத்தல்களையும் எடுத்துப் பார்த்தோம். இரண்டும் நிறைய இருந்தன.

ஏன் குடிக்கவில்லை? கொஞ்சம் தெளிந்ததும் சொன்னார். முதல் நாள் அடிக்கடி ஒதுங்க இடம் தேட வேண்டியிருந்தது, தன்னால் எல்லோரும் தாமதிக்கிறார்கள் என்று கூச்சமாக இருந்தது, ஆகவே இன்று குடிப்பதில்லை என்று தீர்மானித்ததாக. பிறகு இன்னொன்றும் வெளிவந்தது. இரண்டு வாரத்துக்கு முன் பிறசருக்காக வைத்தியர் புதிதாக ஒரு குளிசை சேர்த்திருந்தார், சலத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிற குளிசை. எங்களிடம் சொன்னால் வர விடமாட்டோம் என்று மறைத்துவிட்டார். வைத்தியரிடம் மன்னார்ப் பயணத்தை மறைத்துவிட்டார்.

வயது போகப் போகத் தாகம் மந்தமாகும். உடம்பு காய்ந்த பிறகுதான் நாக்குக் கேட்கும். இது எங்களுக்குத் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லியும் இருக்கிறோம். ஆனால் பெண்கள் வழிப்பயணத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது பள்ளிக்கூடப் பழக்கம். பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போதும் அப்படித்தான், இடம்பெயர்ந்த காலத்திலும் அப்படித்தான். ஐம்பது வருடப் பழக்கத்தை ஆறு மாதப் பயிற்சியில் மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அது அவருடைய பிழை மட்டுமல்ல. ஒதுங்குவதற்கு இடம் கேட்கும்போது எங்களில் யாரோ "இன்னுமொருக்காவோ?" என்று சிரித்திருந்தோம்.

அருகிலிருந்த ஒரு மீனவக் குடும்பத்தார் ஓடி வந்தார்கள். தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் பாயில் படுக்க வைத்தார்கள். வீட்டுக்காரப் பெண், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பருக்கினார். எங்களுக்கும் கிடைத்தது. மலசலகூடத்தைத் தாமே முன்வந்து காட்டினார். நாங்கள் கேட்கவே இல்லை. கேட்காமலே அவருக்கு விளங்கியிருந்தது.

பிறகு எங்களுக்குள் சண்டை. எல்லோரும் இத்துடன் நிறுத்துவோம் என்றார்கள் இருவர். ஒருவரை விட்டுவிட்டுப் போய் எதை வெல்லப் போகிறோம் என்பது அவர்கள் நியாயம். படுத்திருந்தவர் தலையைத் தூக்கி, "எனக்காக நீங்கள் நிண்டால் இனி என்னைக் கூப்பிட வேண்டாம். நான் பாரம் எண்டு சொன்ன மாதிரித்தான் அது" என்றார். கடைசியில், ஒருவர் அவருடன் போவது, மூவர் தொடர்வது என்று முடிந்தது. வீட்டுக்காரர் தமது லான்ட்மாஸ்ரரின் பெட்டியில் இருவரையும் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

நாங்கள் மூவரும் இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று உழக்கினோம். அந்த வழியைப் பற்றி உங்களுக்கு வருணிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. செய்தது சரியா என்ற யோசனைதான். அந்தக் கேள்வியில் இன்றும் எங்கள் ஐவருக்கும் ஒரே அபிப்பிராயம் இல்லை, இந்த உரையை எழுதும்போதும் அது தீரவில்லை. திருக்கேதீஸ்வரத்துக்குத் திரும்பும் சந்தியில் தொலைபேசி வந்தது. சேலைன் ஏற்றியிருக்கிறது, பயமில்லை, வைத்தியர் ஏசினார் என்றார். ஏசினாரென்று கேட்டபோது எங்களுக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. உள்ளே போய்ப் பாலாவியில் கால் நனைத்துக் கும்பிட்டோம். எங்களில் ஒருவர் கத்தோலிக்கர்; அவரும் நனைத்தார். மாலை நான்கரைக்கு மன்னார்த் தாம்போதியைக் கடந்தோம்.

வைத்தியர் அவருடைய குளிசையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவர் மீண்டும் கீரிமலைவரை வந்தார். இரண்டு போத்தலையும் குடித்து முடித்து, வெறும் போத்தலை எங்கள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

அடுத்த பயணம் தை கடைசியில், பரந்தன் வழியாக முல்லைத்தீவுக்கு. சேர விரும்புகிறவர்கள் பெயர் தரலாம். வயது கேட்கமாட்டோம். ஆனால் என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்ற துண்டு ஒன்றை ஐந்து பேரும் வைத்திருக்கிறோம். நீங்களும் ஒன்று எழுதித் தர வேண்டும். தண்ணீருக்கு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மணி அடிப்போம், அடித்தால் எல்லோரும் குடிக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு கொப்பியும் இருக்கிறது. வழியிலே பெண்கள் கூச்சமின்றிக் கேட்டு ஒதுங்கக்கூடிய வீடுகள், கோயில்கள், தேவாலயங்கள், பள்ளிக்கூடங்களை அதில் குறித்து வருகிறோம். மன்னார் வழியில் இதுவரை பதினொரு இடங்கள். முதலாவது அந்த மீனவக் குடும்பத்தின் வீடு. முல்லைத்தீவு வழியில் பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புவரை இன்னும் மூன்றுதான். அந்தப் பக்கம் உறவினரோ சினேகிதரோ உள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் எங்களிடம் வந்து சொல்லவும். கொப்பி வாசற் பக்க மேசையில் இருக்கிறது, பேனையும் கட்டியிருக்கிறோம்.