ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணமும் நம் தெருவிளக்கும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்வதற்கு அரசாங்கம் பொதுப்பணத்தைச் செலவிடுவது தக்கதுதானா என்பது பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். சாலைக்கும் குடிநீருக்கும் பணம் போதாதபோது ஆராய்ச்சிக்கூடத்திற்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று கிராம சபைகளில் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே.

தெருவில் எரியும் எல்.இ.டி. விளக்கையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு ஒளி தரும் இவ்வகைச் சிறுவிளக்கு 1962-லேயே உண்டாகிவிட்டது. ஆனால் நீல ஒளி கிட்டாதவரையில் வீட்டுக்கும் வீதிக்கும் ஏற்ற வெள்ளை ஒளி பெற வழியில்லை. அதற்கு வேண்டிய காலியம் நைட்ரைடு என்னும் பொருளை நல்ல படிகமாக வளர்க்க முடியாமல் பலர் கைவிட்டனர். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகசாகி, அமானோ என்னும் இருவர் விடாது முயன்று 1986-இல் அதில் வெற்றி கண்டனர். மறு ஆண்டே அந்நாட்டு அரசு நிறுவனமொன்று, இதனை விற்பனைப் பொருளாக்கும் பொறுப்பை ஒரு தொழிற்சாலையிடம் ஒப்படைத்துப் பண உதவியும் செய்தது. மற்றொரு புறம், நகாமுரா என்பவர் தாம் வேலை பார்த்த கம்பெனியின் செலவிலேயே உழைத்து 1993-இல் பிரகாசமான நீல விளக்கைக் கண்டார். ஆகவே யாவும் சர்க்கார் பணத்தால் விளைந்தவை என்று சொல்வது பொருந்தாது. மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. காப்புரிமைத் தொகையாக நகோயா பல்கலைக்கழகத்துக்கு வந்த பணத்திலிருந்து 2006-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டடமே எழும்பிற்று.

நம் நாட்டிலும் அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014-இல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாக இறங்கிற்று. ஊராட்சிக் கணக்கில் இதன் பயனைப் பாருங்கள். பழைய டியூப் லைட்டு, சோக்குடன் சேர்ந்து ஏறத்தாழ 52 வாட் இழுக்கும். அவ்விடத்தில் 20 வாட் எல்.இ.டி. போதும். நூறு விளக்குகள் நாள்தோறும் 12 மணி நேரம் எரிந்தால், ஆண்டொன்றுக்கு 14,000 யூனிட் மிச்சமாகும். மின்கட்டணம் கட்டித் தவிக்கும் தலைவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

நிற்க. செலவிட்ட பணம் ஊர்வரை வந்தும் பயன்படாமற் போனதும் உண்டு. புகையில்லா அடுப்பைச் சொல்கிறோம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தோன்றிய அஸ்த்ரா என்னும் பிரிவு, கர்நாடக அரசின் அறிவியல் மன்ற ஆதரவுடன், தும்கூர் மாவட்டத்து உங்கரா கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, விறகை வெகுவாக மிச்சப்படுத்தும் மூன்று கண் அடுப்பை உருவாக்கியது. நல்ல ஆராய்ச்சி. ஆயினும் 1983 முதல் 2002 வரை நாடெங்கும் நடைபெற்ற அடுப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கான அடுப்புகள் கட்டப்பட்டும், பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குமேல் நிலைக்கவில்லை. விறகு வாயிலின் அளவையும் கண்களின் அளவையும் கொத்தனார் விருப்பம்போல் மாற்றினால் அடுப்பின் சிறப்புப் போயிற்று. புகைபோக்கி அடைத்துக்கொண்டால் துடைக்க ஆளில்லை. அடுப்பு வெடித்தால் பூச ஆளில்லை. எத்தனை எரிகின்றன என்பதைவிட எத்தனை அடுப்பு கட்டினோம் என்னும் கணக்கிலேயே பெரிதும் கருத்துச் செலுத்தினார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோர் பின்னாளைய பராமரிப்புக்கும் சோதனைக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இனி பம்பு செட்டு. உழவர்க்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். ஆதலின் சிக்கனத்தால் நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். மின்சாரம் வரும் நேரத்துக்குள் வயல் நனைய வேண்டுமல்லவா? அடி வால்வும் குழாயும் தகுந்தவையாக அமைந்தால், அதே நேரத்தில் கூடுதல் நீர் கிடைக்கும். இதனை அளந்தறிய வருவோர் கிணற்றடியில் மீட்டர் பொருத்தக் கேட்டால், நாளை கட்டணம் வசூலிப்பார்களோ என உழவர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தை நகைத்து ஒதுக்கலாகாது. சோதனைக்கு மட்டுமே மீட்டர் என்று எழுத்து மூலம் பெற்று, கிராம சபையில் படித்துக் காட்டிய பிறகு தொடங்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும், நல்லதாயினும் அல்லாததாயினும், அதே சபையில் வந்து படிக்கும்படியும் கேளுங்கள்.