எத்தனை இழை போதும்?

உடைந்த கண்ணாடித் தம்ளர் விரலைக் கிழித்துவிடுகிறது. ரத்தம் நின்ற பிறகும் விரல் மடங்கவில்லை என்றால், உள்ளே தசைநாண் அறுந்திருக்கக்கூடும். அதைத் தைப்பதில் எந்த முறை உறுதியானது என்று இன்று பார்ப்போம்.

உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுப்பகுதி வரை, இரண்டு தசைநாண்கள் ஒரே குறுகிய நார்க்குழலுக்குள் ஓடுகின்றன. இங்கே தைத்தால் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும் என்று, ஒரு காலத்தில் இந்த இடத்தைத் தொடவே தயங்கினார்கள். ஒட்டாமல் இருக்க வேண்டுமானால் சில நாட்களிலேயே விரலை அசைத்தாக வேண்டும். அசைத்தால் தையல் தாங்குமா? தொடக்க வாரங்களில் முழு இழுவையும் நூலின்மேல்தான்.

1973-இல் மருத்துவர் கெஸ்லர் விவரித்த தையலும் அதன் திருத்திய வடிவமும் புகழ்பெற்றவை. அதில் வெட்டுவாயை இரண்டு இழைகள் கடக்கும். அவை தாங்குவது சுமார் 20 முதல் 30 நியூட்டன், அதாவது இரண்டு மூன்று கிலோ எடை. ஆனால் எதையும் பிடிக்காமல் விரலைத் தானாக மடக்கும்போதே 35 நியூட்டன் வரை இழுவை வரலாம். கணக்கு இங்கேயே இடிக்கிறது. நான்கு இழைகள் போட்டால் பலம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மருத்துவர் சாவேஜ் 1985-இல் சொன்ன ஆறு இழை முறை அதையும் மிஞ்சும். விளிம்பைச் சுற்றி மெல்லிய நூலால் ஒரு தொடர்தையல் போட்டால், பலம் கூடுவதோடு வெட்டுவாயில் இடைவெளி விழுவதும் குறையும். இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆறுவது பின்தங்கும்.

அப்படியானால் ஆறு இழையே சிறந்ததா? பலத்தில் ஆம்; பயன்பாட்டில் எப்போதும் இல்லை. இழை கூடக்கூடத் தையல் பருத்து, பாவாடை நாடாவின் முடிச்சு நாடா ஓடும் மடிப்பில் சிக்குவதுபோல் குழலில் சிக்கும். கையாளும் நேரமும் கூடும், நாணும் நசுங்கும். அதனால் நான்கு இழையும் சுற்றுத்தையலும் சேர்ந்த முறைக்கே என் ஓட்டு.

இன்று பல இடங்களில் கையை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே தைக்கிறார்கள். தைத்ததும், "விரலை மடக்குங்க" என்கிறார் மருத்துவர். இடைவெளி விழுகிறதா, தையல் இடறுகிறதா என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். குறை இருந்தால் தோலை மூடுமுன்பே திருத்தலாம்.

விரல் மடங்காத காயத்துக்கு மேல்தோல் தையல் மட்டும் போதாது. கை அறுவை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். பிறகு பயிற்சியாளர் சொல்லும் அளவுக்கே அசையுங்கள்.