கீமோவுக்குப் பிறகு கால் எரிகிறதா?
(தம்போயில் முதியோர் சந்திப்பில் மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரை)



கொஞ்ச நாளைக்கு முன்பு ஓர் அம்மா என்னிடம் தனியாக வந்து மெதுவாகக் கேட்டார்: "ஹாட்யாயில் கஞ்சா எண்ணெய் கிடைக்குதாம். மார்பினோடு சேர்த்துச் சாப்பிட்டால் கால் எரிச்சல் போயிடும்னு வாட்ஸ்அப்பில் வந்துச்சு. மருமகனை வாங்கி வரச் சொல்லட்டுமா?"

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடித்தவர் அவர். உள்ளங்காலில் ஊசி குத்துவது போல வலி. இரவில் போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. அவரைத் திட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய்யும் அல்ல.

பாக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் நரம்பையும் பாதிக்கும். நீளமான நரம்புகளின் நுனிதான் முதலில் அடிபடும். அதனால்தான் கால்விரல், கைவிரல் என்று தொடங்குகிறது. ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிக்கொண்டவர் ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டாலே சுரீர் என்று இழுக்கும். "எனக்கு இனிப்பு நீர் இருக்கு, அதனாலதான்" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

மார்பின், கசகசாச் செடியின் காயில் வடியும் பாலான அபினிலிருந்து எடுப்பது. கஞ்சாவிலிருந்து வருபவை டிஎச்சி, சிபிடி. இவை வெவ்வேறு வழியாக வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. இரண்டையும் சேர்த்தால் மார்பினைக் குறைத்துக் கொடுக்கலாமே என்று ஆய்வாளர்கள் யோசித்தார்கள். எலிகளிடம் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் நாம் எலி இல்லையே.

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மார்பின் அல்லது ஆக்சிகோடோன் சாப்பிட்டு வந்த 21 பேர் கஞ்சா ஆவியை இழுத்தார்கள். வலி சராசரியாக 27 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெறும் ஆவியை இழுத்த குழு அதில் இல்லை. 2014இல் கனடாவில், கீமோ நரம்பு வலிக்கென்றே கஞ்சாச் சாறு ஸ்பிரேயை 16 பேரிடம் சோதித்தார்கள். மொத்தத்தில் பார்த்தால் வெறும் ஸ்பிரேயைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து பேருக்கு மட்டும் ஓரளவு குணம் தெரிந்தது. இவ்வளவு சிறிய சான்றை நம்பி நான் யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆபத்தோ சிறியதல்ல. மார்பின் தூக்கத்தையும் மலச்சிக்கலையும் தரும். அளவு மீறினால் மூச்சு மந்தமாகும். டிஎச்சி தலைசுற்றலையும் மனக்குழப்பத்தையும் தரும், எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கும். காலில் உணர்ச்சியே இல்லாத எழுபது வயதுக்காரர் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு இரவில் கழிவறைக்கு எழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, சிபிடி அதன் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவை உண்டாக்கலாம். சந்தையில் வாங்கும் பாட்டிலில் எவ்வளவு டிஎச்சி இருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். தாய்லாந்துக் கடையில் விற்றாலும், எல்லை தாண்டி இங்கே கொண்டுவந்தால் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் பாயும். எண்ணெய்தானே என்று விடமாட்டார்கள். கஞ்சா கலந்த மருந்து இங்கே வரவேண்டுமென்றால், அது முறையாகப் பதிவு பெற்று மருத்துவர் கையால் எழுதப்பட வேண்டும். மருமகனைச் சிறைக்கு அனுப்பவா கால் வலிக்கு மருந்து தேடினோம்?

சரி, வேறு என்ன வழி? துலோக்செட்டின் என்று ஒரு மாத்திரை உண்டு. 2013இல் வெளியான 231 பேர் கலந்துகொண்ட ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களில் 59 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 விழுக்காடு. அதிசய மருந்து இல்லைதான். ஆனாலும் இந்த வலிக்கு இருப்பதில் சான்று கூடுதலாக உள்ளது இதற்குத்தான். டிராமடோல் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் எல்லோருக்கும் ஒத்துப்போகாது.

மார்பின் எழுதிக் கொடுத்திருந்தால் பயப்படாமல், சொன்ன நேரத்தில் சொன்ன அளவு சாப்பிடுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையை இடித்துப் பொடியாக்காதீர்கள். மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மிக மெதுவாக வந்தால் வீட்டில் உள்ளவர்கள் உடனே 999ஐ அழைக்க வேண்டும். குளிக்கும் சுடுநீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வழுக்காத செருப்பு போடுங்கள்.

அந்த அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "இந்த எரிச்சலைப் பற்றி உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொன்னீர்களா?" சொல்லவில்லையாம். உயிரைக் காப்பாற்றியவரிடம் போய்க் குறை சொல்வதா என்று தயங்கியிருக்கிறார். கீமோ நடக்கும்போதே சொல்லியிருந்தால் மருந்தின் அளவையோ இடைவெளியையோ மாற்றிப் பார்த்திருக்கலாம். இப்போது துலோக்செட்டின் சாப்பிடுகிறார். எரிச்சல் முழுதாகப் போகவில்லை. ஆனால் போர்வை போர்த்தித் தூங்குகிறார்.

இங்கே யாருக்குக் கால் எரிகிறது என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன். தேநீர் நேரத்தில் மருந்துப் பையோடு வாருங்கள். நாட்டு மருந்து, லேகியம், யாரோ கொடுத்த எண்ணெய் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் போலீஸ்காரன் இல்லை.