மலர்களைச் சுருக்கி அனுப்புதல்



2009ஆம் ஆண்டுப் போரில் வன்னியில் எத்தனையோ நூல்கள் அழிந்தன. எஞ்சிய கோயில் மலர்களையேனும், 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்துக்கு அனுப்பிவைக்க விழைகின்றோம்.

ஏ4 பக்கமொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளியாக வண்ணத்தில் ஸ்கான் செய்தால், சுருக்காத கோப்பு ஏறக்குறைய 26 மெகாபைட். ஜீமெயில் ஏற்பதோ 25 தான்! வெறும் கறுப்பு வெள்ளையாயின் 1 மெகாபைட்டளவில் அடங்கும். ஆயினும் மஞ்சளித்த தாளுக்குச் சாம்பல் நிறச் சாயலே நன்று.

ஜேபெக் முறை சிறிது இழந்தே சுருக்குகின்றது. அளவு மீறினால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. 'கல்' என்பது 'கல' ஆகிவிடும்; உபயகாரர் பெயரும் பிழையாகும். பின்னர் எவரைக் கேட்பது? சுருக்கியதையே மீண்டும் மீண்டும் சுருக்கினால் இழப்பும் பெருகும். ஆதலின் மூலக்கோப்பை வேறாக வைத்து, அதன் பிரதியையே சுருக்குக.

சிப் முறையில் எதுவும் இழக்கப்படுவதில்லை. ஆனால் ஜேபெக் படங்களை அது மேலும் சிறிதாக்காது; ஒரே பொதியாகக் கட்டவே உதவும். கட்டுமுன் பக்கங்களுக்கு 001, 002 எனப் பெயரிடுக. அன்றேல் 10ஆம் பக்கம் 2ஆம் பக்கத்துக்கு முன்னே போய் நிற்கவுங்கூடும்.

அடுத்த கூட்டத்துக்கு வீட்டிலுள்ள பழைய மலர்களைக் கொண்டுவாருங்கள். தைத்த கட்டைப் பிரிக்கவேண்டாம்.