தண்டமும் துணிவும்



கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்யக் கோத்தோங் ரோயோங் அறிவித்த நாளில், விடியுமுன் மண்வெட்டியோடு வந்து நிற்பவரை நாம் அறிவோம். வெயில் ஏறியபின் வந்து, தேநீர் பங்கிடும்போது முதல் ஆளாய் நிற்பவரையும் அறிவோம். இவ்விருவரில் யாருக்குத் தண்டம் விதிப்பது என்று கேட்டால் நகைப்பீர்கள். ஆயினும் அதற்கு எல்லா ஊரிலும் ஒரே விடை கிடைப்பதில்லை.

ஹெர்மன், தோனி, கெக்டர் என்னும் ஆய்வாளர் மூவர் 16 நகரங்களில் மாணவர்களைக் கொண்டு ஒரு விளையாட்டை நடத்தி, 2008-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நான்கு பேர் ஒரு குழு. ஆளுக்கு 20 காசு. விரும்பிய அளவு பொதுப்பெட்டியில் இடலாம். இட்ட ஒவ்வொரு காசுக்கும் நால்வருக்கும் 0.4 காசு வீதம் கிடைக்கும். நால்வரும் முழுவதும் இட்டால் ஆளுக்கு 32. ஒருவர் மட்டும் கையை மூடிக்கொண்டால் அவருக்கு 44. இட்ட மூவருக்கும் 24 தான். கையை மூடியவருக்கே இலாபம்! ஆகவே, தண்டமில்லா ஆட்டத்தில் சுற்றுக்குச் சுற்றுப் பெட்டி வற்றுவது இயல்பே.

பின்னர் தண்டிக்கும் உரிமை கொடுத்தனர். நாம் ஒரு காசு செலவிட்டால் மற்றவர் மூன்று காசு இழப்பார். தண்டித்தவர் யார் என்று அவருக்குச் சொல்லப்படாது. பாஸ்டன், கோப்பன்ஹேகன் போன்ற நகரங்களில் கொடாதவரே பெரும்பாலும் தண்டம் பெற்றனர், பெட்டியும் நிறைந்தது. மஸ்கட், ஏதென்ஸ் போன்ற நகரங்களிலோ கொடாதவரோடு, மிகுதியாகக் கொடுத்தவரும் தண்டம் பெற்றனர். கொடுத்ததற்குத் தண்டம்! பெட்டியும் அங்கே அவ்வளவாக நிறையவில்லை.

இதனால் அவ்வூர் மக்கள் தாழ்ந்தவர் என்று எவரும் கொள்ளவேண்டா. ஆடியவர் மாணவர் சிலரே. பொதுச் சொத்தை ஏய்ப்பது தவறு என்னும் எண்ணமும், சட்டம் நேர்மையாக நடக்கும் என்னும் நம்பிக்கையும் தளர்ந்த இடங்களில் இத்தகைய தண்டம் மிகுந்தது என்பதே ஆய்வாளர் கண்டது. தண்டம் பெற்றவர், 'என்மேல் கைவைத்தவன் அந்த நல்லவனாகத்தான் இருப்பான்' என்று ஊகித்துப் பழி தீர்த்திருக்கவும் கூடும். முதலில் வந்து மண்வெட்டி பிடித்தவரைப் பார்த்து, "தலைவராகப் பார்க்கிறாயா?" என்று நம் லயங்களில் எவரும் கேட்டதில்லையா? அதுவும் ஒரு தண்டந்தான். காசு மட்டும் இல்லை.

துணிவிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. எல்கி வெபர், கிறிஸ்டபர் சீ என்னும் ஆய்வாளர் இருவர் 1990-களின் இறுதியில் வெளியிட்ட ஆய்வுகளில், பண முதலீட்டில் அமெரிக்கரைவிடச் சீன நாட்டினரே மிகுதியாகத் துணிந்தனர். மருத்துவம், படிப்பு பற்றிய முடிவுகளில் அவ்வேறுபாடு காணப்படவில்லை. பணம் போனால் உறவினர் தாங்குவர். நோயை யார் பங்கிட்டுக்கொள்வர்? விழுந்தால் தாங்கும் மெத்தை இருப்பதாலேயே துணிகின்றனர் என்பது அவர்தம் விளக்கம்.

இது நமக்குப் புதிதன்று. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையும் வீடும் ஒருங்கே பறிபோன காலத்தை முதியோர் மறந்திரார். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்வெட்டுக் கூலியிலிருந்து மாதம் பத்து வெள்ளியைத் தொழிலாளர் பங்காகச் செலுத்தினர். அக்காலக் கூலிக்கு அது பெருந்தொகை. தனியொருவராக எவரும் அத்துணிவு கொண்டிருக்கமாட்டார் என்றே நாம் எண்ணுகிறோம். அடுத்த நிரையில் வெட்டுபவரும் செலுத்துகிறார் என்று கண்டதால் செலுத்தினர்; அவ்வாறு சேர்ந்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்கள் சங்கத்திற்கு உரியதாயிற்று.